மஸ்கட்டண்ணனின் காய்கறி வெட்டு

கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தே சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார். கம்ப்யூட்டருக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பின்பக்கமாக்கும் டீச்சர், காத்தாடிக்கு மேல" என்றார். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு சங்கதியைப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் எனக்கு மட்டும் யாரும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்பது போல என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். இரணியல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் தெருவில் அந்தப் பெயரை யாரும் உபயோகித்ததில்லை. பதினாலு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்ததால் மஸ்கட்டண்ணன். வருடத்துக்கு ஒரு மாதம் வருவார். வரும்போது பெட்டி நிறையச் சோப்பு, போகும்போது அதே பெட்டி நிறைய ஏத்தங்காய் உப்பேரி என்று நாங்கள் சொல்லும் நேந்திரங்காய் வறுவலும் மாங்காய் ஊறுகாயும். மிச்சம் பதினோரு மாதமும் அவருடைய மனைவிக்கு, அதாவது எங்கள் எல்லோருக்கும் மைனிக்கு, புருஷன் என்பது போனில் தெரிகிற ஒரு முகம்தான். அதுவும் பாதி நேரம் நெட்வொர்க் கிடைக்காமல் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும்.

போன வருடம் ஜூன் மாதம் வந்தபோது பெட்டியில் சோப்பு இல்லை. துண்டு துண்டாகக் கழற்றி, லுங்கியில் சுற்றிக் கட்டிய ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதை நடுவறையில் வைத்து மாட்டிவிட்டு, "நான் இனி போகல்ல" என்றார்.

விஷயம் என்னவென்றால், மஸ்கட் கேம்பில் அவரோடு அறையில் இருந்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர் வெள்ளிக்கிழமை லீவுகளில் இவருக்குக் கம்ப்யூட்டரில் அனிமேஷன் படம் செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மற்றவர்கள் சீட்டு விளையாடிய பதினாலு வருட வெள்ளிக்கிழமைகளில் இவர் வாழை இலை வரைந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் விளம்பரப் படங்களுக்கு அனிமேஷன் செய்து கொடுக்கிற ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தபோது, "ஒரு நிமிஷத்துக்கு மாதிரி ஒண்ணு செய்து காட்டுங்க, நல்லா இருந்தால் வீட்டில் இருந்தே செய்ய வேலை தருகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

மைனி பொறுமையாகக் கேட்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"நவம்பர் முடியட்டும். கம்பெனிக்காரன் விசாவ அதுவரைதான் வச்சிருப்பான். அதுக்குள்ள வேலை கிட்டிச்சுன்னா இருங்க. கிட்டல்லன்னா பிளேன் ஏறுங்க. ரெண்டுக்கும் நடுவுல வீட்டுக்குள்ள பொம்மப் படம் பாத்துக்கிட்டு இருக்கப்பிடாது."

சொன்னதோடு நிற்காமல் பெட்டியைத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளாமல், வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாசலுக்கு நேரே வைத்தார்.

இவர் எடுத்துக்கொண்ட படமோ மழை. பின்கட்டு வாழை இலையில் மழை விழுந்து, நடு நரம்பு வழியாக ஓடி, நுனியில் சொட்டாக நின்று, கீழே உள்ள செம்புப் பானையில் விழ வேண்டும். ஒரே ஒரு நிமிடம். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். அண்ணன் என்னைத் திருத்தினார். அசையும் படம் என்பது அசையாத படங்களின் வரிசை. ஒரு நிமிடத்துக்கு ஆயிரத்து ஐநூறு படம். ஒவ்வொன்றிலும் எந்தச் சொட்டில் எந்த வெளிச்சம் படுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வரைந்து முடிக்க அரைமணி நேரம். மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். ராப்பகலாக ஓடினாலும் ஒரு மாதத்துக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகு இலை கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று தோன்றினால் மறுபடி முதலிலிருந்து.

"அதுக்கு வழி உண்டும் டீச்சர்" என்றார். "கல்யாணத்துக்கு முந்தின நாளு நம்ம ஊருல காய்கறி வெட்டு உண்டும்லா. ஒருத்தனே இருந்து அம்பது பூசணிக்காய வெட்டுனா, முடியதுக்குள்ள மாப்பிளைக்குப் பேரன் பெறந்துருவான். பத்து பேரு அவனவன் கத்தியோட வந்தா, சாயா ஆறதுக்குள்ள சோலி தீந்துரும். படம் வரையதும் அப்படியாக்கும். எனக்குப் பத்து மெஷின் வேணும்."

பல கம்ப்யூட்டர்கள் வேலையைப் பங்கு போட்டுப் படம் வரைகிற இந்த ஏற்பாட்டுக்கு அந்தத் தொழிலில் ரெண்டர் பண்ணை என்று பெயராம். பெரிய ஸ்டூடியோக்களில் கண்ணாடி அறைக்குள் குளிரக் குளிர வைத்திருப்பார்கள். எங்கள் அண்ணன் தம் பண்ணைக்கு மாடு பிடித்த கதை தனி.

மூடிப்போன பிரவுசிங் சென்டரில் இருந்து நாலு. தட்டச்சுப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று. குளச்சலில் மீன் ஏலக் கமிஷன்காரர் ஒருவர் கொடுத்தது ஒன்று. அதை எத்தனை தடவை துடைத்தாலும், சூடானால் உள்ளிருந்து சாளை பொரிக்கிற மணம் வரும். தெருவில் உள்ள அத்தனை பூனையும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையிலிருந்து வந்த இன்னொன்று, ஆன் செய்ததும் இனிமையான பெண் குரலில், "டோக்கன் நம்பர் ஒன்று, உள்ளே வரவும்" என்று கூப்பிடும். அந்தக் குரலை நீக்க அண்ணன் எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. கடைசியில், "கெடக்கட்டு, அதுக்க சுபாவம்" என்று விட்டுவிட்டார். மஸ்கட்டிலிருந்து வந்ததையும் சேர்த்துப் பத்து.

பத்தையும் பழைய அலமாரிச் சட்டத்தில் அடுக்கி ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்றாக ஆன் செய்தார். அவர் வீட்டில் ஃபியூஸ் போனது. ஃபியூஸில் தடித்த கம்பியாகப் போட்டு மறுபடி ஆன் செய்தார். இந்தத் தடவை தெருவுக்கே போனது. ஞாயிறு விருந்துக்கு அரைத்துக்கொண்டிருந்த பதினைந்து மிக்சிகள் ஒரே நேரத்தில் நின்ற அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

லைன்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, வீட்டுக்குள்ள மில்லு ஏதும் வச்சிருக்கியளா?"

"மழை பெய்யப் பண்ணுதேன்" என்றார் அண்ணன்.

லைன்மேன் வெளியே கொட்டிக்கொண்டிருந்த மழையைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு வீட்டுக் கரண்ட் பத்து மெஷினைத் தாங்காது என்று தெரிந்ததும் வேறு யாராக இருந்தாலும் ஐந்தோடு நிறுத்தியிருப்பார்கள். அண்ணன் ஐந்தைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, மிச்சம் ஐந்தையும் ஆளுக்கு ஒன்றாகத் தெருவுக்குத் தானம் செய்தார். மதில் மேலாக, முருங்கை வழியாக, எங்கள் பலாமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வயர் போனது. ஒவ்வொரு மெஷினுக்கும் நெற்றியில் பெயிண்டால் நம்பர். எங்கள் வீட்டுக்கு வந்தது நாலாம் நம்பர், டாக்டர் வீட்டு மெஷின். அடுக்களைக்கு வெளியே பாத்திர அலமாரியின் மேல்தட்டில் அதற்கு இடம். தினமும் காலையில் அண்ணன் தம் வீட்டிலிருந்தே அதை முறையாக நிறுத்தித் திரும்ப ஓட விட்டதும், "டோக்கன் நம்பர் ஒன்று, உள்ளே வரவும்" என்று கூப்பிடும். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டுச் சாயா குடிக்க உள்ளே வருவார். இருபது வருடமாக நான் கூப்பிட்டு ஒரு தடவைகூட இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

ஐந்து மெஷின் ஓடுகிற அண்ணன் வீட்டு நடுவறைச் சூடு சொல்லி மாளாது. ஏசி மெக்கானிக் அல்லவா, பழைய தகரத்தை வளைத்துக் குழாய் செய்து அந்தச் சூட்டையெல்லாம் பக்கத்து அறைக்குத் தள்ளினார். அது ஜூன் மாதம். எங்கள் மாவட்டத்தில் ஜூனில் துவைத்த துணி ஜூலையில்தான் காயும். மைனி அந்த அறையில் ஒரு கொடியைக் கட்டிப் பிள்ளைகளின் யூனிஃபார்மைப் போட்டார். ஒரு மணி நேரத்தில் அப்பளம் மாதிரி காய்ந்தது. செய்தி பரவியது. மறுநாளிலிருந்து வாளி வாளியாகத் துணி வந்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் ஈர டவுசரோடு பள்ளிக்கூடம் போகாத மழைக்காலம் அது ஒன்றுதான். யாரோ நைசாக ஒரு முறம் நெத்தோலி மீனையும் வைத்தபோதுதான் மைனி கதவைப் பூட்டினார்.

நடுவில் அண்ணனுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் ஞாபகம் வந்தது. "காத்தாலைய எல்லாம் சுத்துற காத்துல்லா டீச்சர், மெஷினக் குளுர வைக்காதா?" என்று இரண்டாம் நம்பரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அங்கே மச்சினன் வீட்டு மொட்டை மாடிக்குப் போனார். மெஷின் நன்றாகத்தான் குளிர்ந்தது. திரும்பி வந்து திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கை மண்ணும், இரண்டு வேப்பிலையும், யாரோ ஒருவருடைய பஸ் டிக்கெட்டும் இருந்தன.

ஆனாலும் பண்ணை ஓடியது. மூன்று தடவை மழை பெய்து, மூன்று தடவையும் இலை அண்ணனுக்குப் பிடிக்காமல், நாலாவது தடவை அக்டோபரில் பெய்த மழை பாதி முடிந்தபோது எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். படத்தைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அது அவர்கள் வீட்டுப் பின்கட்டு. அந்த வாழை, அந்த நசுங்கிய பானை, அந்தப் பாசி பிடித்த மதில். பதினாலு வருடம் தூரத்தில் இருந்து நினைத்து நினைத்து வரைந்த மனிதனுக்கு மட்டும்தான் அந்தப் பானையில் எந்தப் பக்கம் நசுக்கல் என்று ஞாபகம் இருக்கும். மைனி வாசல் பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் திரை சட்டென்று கறுத்தது. அரை நொடி. மறுபடி மழை. சற்று நேரத்தில் மறுபடி ஒரு கறுப்பு.

"மின்னலா அண்ணே?" என்று கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

"மின்னல் வெளுக்கும்லா. இது கறுக்குதே" என்றார் அண்ணன். முகம் வெளிறிப்போயிருந்தது.

அடுத்த ஒரு வாரம் அவர் சோறு தின்றதை யாரும் பார்க்கவில்லை. வைரஸ் என்றார், கரண்ட் என்றார், பூனை என்றார். கடைசியில் எந்தப் படமெல்லாம் கறுப்பு, எந்த நேரத்தில் வரைந்தது என்று ஒரு நோட்டில் எழுதி என்னிடம் கொண்டுவந்தார். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்தேன். எல்லாமே மாலை ஏழு மணி.

எங்கள் தெருவில் மாலை ஏழு மணி என்றால் குடும்ப ஜெபம். மிஷன் காலத்திலிருந்து வரும் வழக்கம். டிவியை அணைப்போம், ஃபேனை அணைப்போம், பாட்டுப் புத்தகத்தை எடுப்போம். கர்த்தருடைய சமூகத்தில் ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கொர்ரென்று இரைந்துகொண்டிருக்கலாமா? அதனால் நாலாம் நம்பரின் பின்பக்க சுவிட்சை நானே, இந்தக் கையால், தினமும் தட்டி அணைத்திருக்கிறேன். முடிந்ததும் போட்டுவிடுவேன், அதனால் தப்பாகவே தோன்றவில்லை. மற்ற நாலு வீட்டிலும் அதே கதை. வரைந்துகொண்டிருந்த படம் பாதியில் செத்துவிடும். ஆனால் அது முடிந்துவிட்டதாகவே அண்ணனுடைய கணக்கில் பதிவாகிவிடும். வேறு மெஷின் அதைத் தொடாது. சொட்டு இலை நுனிக்கு வருகிற நேரம் பார்த்து நாங்கள் ஐந்து குடும்பமும் ஜெபம் செய்து இருட்டாக்கிக் கொண்டிருந்தோம்.

"நான்தான் அண்ணே" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் என்னைக் கோபித்திருக்கலாம். நானாக இருந்தால் கோபித்திருப்பேன். அவர் நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"எனக்க தப்பாக்கும் டீச்சர். நானும் அந்நேரம் ஜெபத்துலதானே இருந்தேன். மெஷினுக்கும் சொல்லிக் குடுத்திருக்கணும்."

அன்றே உட்கார்ந்து, ஏழு மணிக்குக் கையில் இருக்கிற படத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு எல்லா மெஷினும் தாமாகவே நிற்கவும், ஏழரைக்குத் தாமாகவே விட்ட இடத்திலிருந்து தொடங்கவும் ஏற்பாடு செய்தார். பெரிய ஸ்டூடியோக்களில் எது இருந்தாலும் இது இருக்காது.

கறுப்பு போனதும் அண்ணனுக்கு இலை நரம்பு பிடிக்கவில்லை; அதைத் திருத்தி மறுபடி முதலிலிருந்து வரைந்ததில் நாட்கள் போயின. நவம்பர் கடைசி வந்துவிட்டது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படம் திருவனந்தபுரத்தில் இருக்க வேண்டும். புதன்கிழமைக்கு மஸ்கட் டிக்கெட். மைனி பெட்டியில் உப்பேரியும் முறுக்கும் ஊறுகாயும் அடுக்கத் தொடங்கினார். எடுத்து வைப்பார், எடை பார்ப்பார், மறுபடி எல்லாவற்றையும் வெளியே எடுப்பார். இவ்வளவு மெதுவாகப் பெட்டி கட்டிய ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு இடி இடித்தது. எங்கள் பலாமரத்தில்தான் இறங்கியதோ என்னவோ, மரத்தைச் சுற்றிப் போன வயர் வழியாக ஆறு மெஷினுக்குள் புகுந்துவிட்டது. அண்ணன் ஒவ்வொன்றின் நெற்றியிலும் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்து கிடந்தன.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டோடு வந்தார்.

"டீச்சர், ஒரு கணக்கு. மிச்சம் அறுநூத்தி அம்பது படம். நாலு மெஷின். திங்கக்கெழம காலம்பற பத்து மணி வரை நேரம். கிட்டுமா?"

"நாப்பத்தெட்டு மணி நேரம். மணிக்கு ரெண்டு படம். நாலு மெஷினுக்கு முந்நூத்தி எம்பத்தி நாலு."

"ரெண்டு நாளு ஜெபத்தையும் கழிக்கணும்."

கழித்தேன். முந்நூற்று எழுபத்தாறு. இருநூற்று எழுபத்து நாலு படம் குறைந்தது. இருபது வருடம் கணக்குச் சொல்லித்தந்திருக்கிறேன், ஒரு விடையைச் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை. அண்ணன் தலையை ஆட்டினார். "செரி. அப்பம் நான் பெட்டியக் கட்டுதேன்" என்று சொல்லிவிட்டு மதிலோரமாக நடந்து போனார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அதிகம் பேசாத ஆள். ஜெபத்தில் மட்டும்தான் நீளமாகப் பேசுவார். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"காய்கறி வெட்டுக்கு ஆளு தெகையல்லன்னா என்ன செய்வோம்?"

"தெருவுல சொல்லுவோம்."

"பின்னே? போய்ச் சொல்லு."

சொன்னேன். முதலில் சபையின் உபதேசியார் வீட்டில். சபை மண்டபத்தில்தான் எங்கள் ஊர்க் கல்யாணங்களுக்குக் காய்கறி வெட்டு நடக்கும். பெரிய கிரைண்டர்கள் ஓட வேண்டுமே என்று நல்ல கனத்த கரண்ட் இணைப்பு அங்கே உண்டு. அந்த வாரம் கல்யாணம் எதுவும் இல்லை. உபதேசியார் சாவியைத் தந்தார், கூடவே சபை ஆபீஸ் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்குள் ஆள் வரத் தொடங்கினார்கள். காய்கறி வெட்டுக்கு அவனவன் கத்தியோடு வருகிற மாதிரி அவனவன் கம்ப்யூட்டரோடு. நர்சிங் படிக்கிற பெண்ணின் லேப்டாப், பால் சொசைட்டிக் கணக்கரின் மெஷின், போட்டோ ஸ்டூடியோக்காரருடையது. முக்குப் பலசரக்குக் கடைக்காரர், எங்கள் சபையைச் சேராத, நெற்றியில் நாமம் இட்ட அய்யாவழிக்காரர், தம் பில் போடும் மெஷினைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார்.

"ஓய், நீரு கடையில என்னத்துல வே பில் போடுவீரு?" என்றார் அண்ணன்.

"சீட்டுல எழுதுவேன். எனக்கக் கடை இருந்தா நாளைக்கும் பில் போடலாம். நீரு போனா வருஷத்துக்கு ஒரு மாசம்லா வருவீரு."

அண்ணன் குனிந்து வயரை மாட்டினார். ரொம்ப நேரம் மாட்டினார்.

மிஞ்சிய நாலையும் மண்டபத்துக்கே தூக்கி வந்திருந்தோம்; அதற்கு மேல் பதினோரு மெஷின் புதிதாக வந்தது. எல்லாமே நொண்டி, ஒரு படத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தன. ஆனாலும் போதும் என்றது என் கணக்கு. சிக்கல் வேறு. வந்த ஆட்களுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மெஷின் வரைகிறது, மனிதன் என்ன செய்வான்? ஒரு மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு திரையைப் பார்த்தார்கள். அந்த மண்டபத்தில் வந்து உட்கார்ந்து வெறும் கையோடு இருந்து அவர்களுக்குப் பழக்கம் இல்லை. கடைசியில் ஒருவர் எழுந்து போய் ஒரு மூட்டை மரச்சீனிக் கிழங்கும் நாலு கத்தியும் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் மண்டபத்துக்கு உயிர் வந்தது. மைனி கிழங்கை அவித்து, சாளைக் குழம்பு வைத்தார். மீன்காரர் மெஷினில் வந்த மணத்துக்கும் குழம்பு மணத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் பூனைகள் குழம்பிப்போய் நடுவில் படுத்துவிட்டன.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பதினைந்து மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன.

மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. போச்சு, மறுபடியும் இடி என்று யாரோ தலையில் கை வைத்தார்கள். அண்ணன் மட்டும் அசையவில்லை. "ஒண்ணுமில்ல. ஜெப நேரமாக்கும்" என்றார். அவசரத்தில் அந்த ஏற்பாட்டை நீக்க மறந்து எல்லா மெஷினிலும் அப்படியே ஏற்றிவிட்டிருந்தார்.

"எனக்க மெஷினுக்கு எதுக்கு வே ஜெபம்?" என்றார் பலசரக்குக் கடைக்காரர்.

"மாத்தட்டா?"

"வேண்டாம். கெடக்கட்டு. நான் அந்நேரம் அய்யாவ நெனச்சிட்டு நிக்கேன்."

அப்படியே அவர் தலைப்பாகையைச் சரிசெய்து ஒரு ஓரமாக நின்றார். நாங்கள் பாடினோம். ஏழரைக்குப் பதினைந்தும் கொர்ரென்று தொடங்கின. யாரோ ஆமென் என்றார்கள்.

ஞாயிறு முழுவதும் ஆள் மாற்றி ஆள் இருந்தார்கள். திங்கள் காலை பத்து மணிக்கு ஒரே ஒரு படம் பாக்கி. அது போய்ச் சேர்ந்தது பலசரக்குக் கடை மெஷினில். அதுதான் இருப்பதிலேயே நொண்டி. பன்னிரண்டு மணிக்கு ரயில். கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "மக்கா, மானத்த வாங்காத. பத்து வருஷமா உனக்குச் சாம்பிராணி காட்டியிருக்கேன்" என்று அதைத் தடவிக்கொடுத்தார். பத்து நாற்பதுக்கு முடித்தது. அண்ணன் படத்தை டிஸ்க்கில் ஏற்றி, துண்டில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரணியலில் ரயில் ஏறினார். வழியனுப்ப முப்பது பேர். மஸ்கட்டுக்குப் போகும்போதுகூட இவ்வளவு பேர் போனதில்லை.

ஸ்டூடியோவில் படத்தை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம். பிறகு அங்கே பெரியவராக இருந்தவர், "சாருக்கு எத்தனை மெஷின் உண்டு?" என்று மலையாளத்தில் கேட்டாராம். அண்ணன் யோசித்துவிட்டு, "ஒரு தெரு உண்டு" என்றாராம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பாக மைனிக்குப் போன் வந்தது. இந்தத் தடவை நெட்வொர்க் நன்றாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்பதை மைனி இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். போனை வைத்துவிட்டு, வாசலில் இருந்த பெட்டியை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து திறந்து, "எடுத்துக்கிடுங்க" என்றார். மஸ்கட்டுக்குப் போக வேண்டிய முப்பது கிலோவும் எங்கள் தெருவிலேயே இறங்கியது. ஊறுகாய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அழுதவரை எப்படித் தேற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

இப்போது அண்ணனுக்கு நிறைய வேலை வருகிறது. போன மாதம் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறார். பழைய பத்து மெஷினும் சேர்ந்து செய்ததை அது ஒன்றே செய்துவிடும், மூச்சுக்கூட வாங்காது என்று அவர் பிள்ளைகள் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ரிப்பேர் செய்து திரும்பக் கொண்டுவந்து வைத்த நாலாம் நம்பர் என் அலமாரி மேல் இரைந்துகொண்டுதான் இருந்தது. நேரே போய்க் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் புது மெஷின் ஒண்ணே போதுமாமே. பின்னே இங்க எதுக்கு அனுப்புதிய? இடம் அடைக்குதுன்னு நான் ஒண்ணும் சொல்லல்ல, சும்மா கேக்கேன்."

அண்ணன் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"இப்பம் கல்யாணத்துக்கு கான்ட்ராக்ட்காரன் எல்லாக் காயும் வெட்டிக் கொண்டாந்துருதான். இருந்தாலும் தெருவ விளிச்சு ரெண்டு பூசணிய வெட்டச் சொல்லுதோமா இல்லியா? தெனமும் வீட்டுக்கு ஒரு படம் அனுப்புதேன் டீச்சர். விளிக்காம இருக்க மனசு வரல்ல."

நான் உள்ளே வந்தேன். மணி ஏழானது. நாலாம் நம்பர் தானாகவே மூச்சை அடக்கிக்கொண்டது. எங்கள் வீட்டுக்காரர் ஜெபத்தைத் தொடங்கினார். கடல் கடந்து இருக்கிறவர்களுக்காக ஜெபிக்கும் இடம் வந்தது. துபாயில் இருக்கும் தங்கை, குவைத்தில் இருக்கும் உபதேசியார் மகன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். பதினாலு வருடமாக அந்த வரிசையில் மூன்றாவதாக வந்த ஒரு பெயர் இப்போது அங்கே வருவதில்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அது கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைத் தந்ததற்காக என்று வந்தது. அன்றைக்கு ஆமென் சொன்னதில் என் சத்தம்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.